குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு: உடலைத் துளைக்காத கண்காணிப்பு எதைக் காட்டுகிறது?

இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தையின் அருகே நிற்கும் பெற்றோரின் கண்கள் பெரும்பாலும் ஒரு திரையின் மீதே இருக்கும். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் செறிவு, நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து வரும் இன்னோர் எண் எனப் பலவும் அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. காலையில் எக்கோ (மீயொலியால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுத்த மருத்துவர், இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்கிறார். இரவுப் பணிக்கு வந்தவர், உடலுக்குப் போகும் இரத்தம் போதவில்லை, மருந்தைக் கூட்டுகிறோம் என்கிறார். இருவரில் யாரோ ஒருவர் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு கருவியும் இதயத்தைப் பற்றிய வேறொரு கேள்விக்கே பதில் சொல்கிறது. எந்தக் கருவி எந்தக் கேள்விக்குரியது என்று தெரிந்துகொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

அளக்க வேண்டியது எது?

இதயத்தின் வேலை, உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தேவையான ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இரத்தத்தைத் தடையின்றி அனுப்புவது. ஒரு நிமிடத்தில் இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவே இதய வெளியீடு. ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவை நிமிடத் துடிப்பு எண்ணிக்கையால் பெருக்கினால் அது கிடைக்கும். மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் மொத்தமாக இருக்கும் இரத்தமே ஏறத்தாழ 250 மில்லிலிட்டர்தான். அக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 150 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் 4 மில்லிலிட்டர் அளவில் அனுப்பினால், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ஆகிறது. அதாவது உடலின் மொத்த இரத்தமும் ஒரு நிமிடத்தில் இரண்டு முறைக்கு மேல் சுற்றி வருகிறது. இந்த ஓட்டத்தில் ஏற்படும் சிறு குறைவுகூடச் சிறுநீரகம், குடல், மூளை ஆகியவற்றை விரைவில் பாதிக்கும்.

திரையில் எல்லோரும் முதலில் பார்க்கும் இரத்த அழுத்தம் இந்த ஓட்டத்தின் அளவன்று. அழுத்தம் என்பது ஓட்டமும் இரத்தக் குழாய்களின் எதிர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு. தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் அழுத்திப் பிடித்தால் நீர் வேகமாகப் பீய்ச்சியடிக்கும். ஆனால் வாளி நிறைய முன்னைவிட அதிக நேரம் ஆகும். இதய வெளியீடு குறையத் தொடங்கியதும் உடல் செய்வதும் இதுவே: தோல், கை கால்கள், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் உரிய அழுத்தத்தைக் காத்துக்கொள்கிறது. குழந்தைகளின் உடல் இதை மிகத் திறமையாகச் செய்வதால், அழுத்தம் வீழ்வது பெரும்பாலும் கடைசியாகத் தெரியும் அறிகுறியாக அமைகிறது. அது வீழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். துளைக்காத கண்காணிப்புக் கருவிகள் மீது மருத்துவர்கள் இவ்வளவு ஆர்வம் காட்டுவதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

சரிசெய்த பிறகும் இதயம் ஏன் தளர்கிறது?

குறையைச் சரிசெய்துவிட்டால் இதயம் உடனே நன்றாக வேலை செய்ய வேண்டும் அல்லவா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முதல் நாளில் நடப்பது பல வேளைகளில் அதற்கு நேர்மாறானது.

1. அறுவை சிகிச்சைக்காக மகாதமனியை (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாயை) கவ்வியால் மூடி இதயத்தை நிறுத்தி வைக்கும்போது, அதன் தசைக்கு இரத்த ஓட்டம் இருப்பதில்லை. பாதுகாப்புக் கரைசல் செலுத்தப்பட்டாலும் தசை ஓரளவு களைத்துப்போகிறது.

2. இதய–நுரையீரல் இயந்திரத்தின் செயற்கைப் பரப்புகளில் இரத்தம் படுவதால் உடல் முழுவதும் அழற்சி எதிர்வினை எழுகிறது. நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இதயத் தசையும் நுரையீரலும் வீங்குகின்றன.

3. பச்சிளங்குழந்தையின் இதயத் தசை இன்னும் முதிராதது. சுருங்கும் இழைகள் குறைவு. கால்சியத்துக்கு இரத்தத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் அளவைப் பெரிதாகக் கூட்ட அதனால் முடியாது; வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கிறது.

4. அறுவை சிகிச்சை திடீரென்று சுமையை மாற்றிவிடுகிறது. அதுவரை நுரையீரலுக்கு அனுப்பிய கீழறை இப்போது உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியிருக்கலாம்.

இதன் விளைவாக வரும் தளர்ச்சி, குறை இதய வெளியீட்டு நிலை எனப்படுகிறது. இடம் மாறிய பெருந்தமனிகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு உள்ளான பச்சிளங்குழந்தைகளை வைத்து பாஸ்டன் நகரில் செய்யப்பட்ட, 1995இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு முதல் இரவில் இதய வெளியீடு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டருக்கும் கீழே இறங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பின் 9 முதல் 12 மணி நேரத்துக்குள்தான் அது மிகவும் தாழ்ந்திருந்தது. குழந்தை நிலையாக வந்து சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் அடைந்த பிறகே அபாய நேரம் தொடங்குகிறது. ஆகவே முதல் இரவில் மணிக்கு மணி பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரடியாக அளந்துவிட்டால் என்ன?

வெளியீட்டை அளக்கும் கோட்பாட்டை அடால்ஃப் ஃபிக் 1870இலேயே வகுத்துவிட்டார்: உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவும், தமனி இரத்தத்துக்கும் சிரை இரத்தத்துக்கும் இடையிலான ஆக்சிஜன் வேறுபாடும் தெரிந்தால் இரத்த ஓட்டத்தைக் கணக்கிடலாம். 1970இல் ஸ்வான், கான்ஸ் இருவரின் பெயரால் அறியப்படும் பலூன் முனைக் கத்தீட்டர், அதாவது சிரை வழியே இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய், வந்தது. குளிர்ந்த திரவத்தை இதயத்துக்குள் செலுத்தி, அப்பால் நுரையீரல் தமனியில் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பார்த்து ஓட்டத்தைக் கணக்கிடும் முறை பெரியவர்களிடம் பரவலாயிற்று.

குழந்தைகளிடம் இது எளிதில் செல்லுபடியாகாது. கத்தீட்டர் பச்சிளங்குழந்தையின் இரத்தக் குழாய்களுக்குப் பெரியது. இரத்தக் கட்டும் தொற்றும் ஏற்படலாம். அதைவிட அடிப்படையான தடை ஒன்று உண்டு. பிறவி இதயக் குறையுள்ள பல குழந்தைகளுக்கு, வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் இடையே இரத்தம் கலக்கும் வழி அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இருக்கும். செலுத்திய குளிர்ந்த திரவத்தின் ஒரு பகுதி அவ்வழியே வேறு பக்கம் போய்விட்டால் கணக்கே பிழையாகிவிடும். இரத்தம் எடுத்துச் சோதிப்பதற்கும் எல்லை உண்டு: 250 மில்லிலிட்டர் மட்டுமே உள்ள உடலிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், இருபத்தைந்து சோதனைகளில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

கை வைத்துப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் சொல்லிவிட மாட்டாரா? பாதம் சில்லிட்டிருப்பது, விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் நிறம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆவது, சிறுநீர் குறைவது எல்லாம் மதிப்புள்ள அறிகுறிகளே. ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளின் இதய வெளியீட்டை மருத்துவர்கள் எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்று பார்த்து 1997இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அந்த ஊகங்கள் கருவி அளந்த அளவோடு பெரிதாகப் பொருந்தவில்லை. மில்ரினோன் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் இந்தத் தளர்ச்சி குறைகிறது என்று காட்டி 2003இல் வெளியான பெரிய சோதனையிலும்கூட, தளர்ச்சி என்பது அளந்த வெளியீட்டால் அல்லாமல், வேகமான துடிப்பு, சிறுநீர்க் குறைவு, இரத்தவோட்டம் குன்றிய தோற்றம் போன்றவற்றால்தான் வரையறுக்கப்பட்டது. நேரடி அளவீடு எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

துளைக்காத கண்காணிப்பு என்பதால் குழந்தையின் உடலில் குழாய்களே இருக்காது என்று பொருளல்ல. தமனியில் ஒரு நுண்குழாயும் மையச் சிரையில் ஒரு குழாயும் பெரும்பாலும் இருக்கவே செய்யும். இந்தக் கருவிகள் அவற்றுக்குத் துணை நிற்பவை.

எக்கோ: காரணத்தைச் சொல்லும் கருவி

1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர், ஹெல்முத் ஹெர்ட்ஸ் இருவரும் மீயொலியால் இதயத்தைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த எக்கோதான் இன்றும் முதன்மையான துளைக்காத பரிசோதனை. அதில் அடிக்கடி காதில் விழும் சொல் வெளித்தள்ளு விகிதம்: நிரம்பிய இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பது. 55க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது என்பார்கள்.

இது விகிதமே தவிர அளவன்று. கீழறை சரியாக நிரம்பாமல் சிறுத்திருந்தால், இருக்கும் சிறிதளவில் 65 விழுக்காட்டை வெளியே தள்ளினாலும் உடலுக்குப் போவது குறைவாகவே இருக்கும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு கசிந்தால், தள்ளப்படுவதில் ஒரு பங்கு பின்னோக்கிப் போகும். ஆனால் விகிதம் நல்லதாகவே தோன்றும். காலையில் வந்த மருத்துவரும் இரவில் வந்தவரும் வேறுவேறாகச் சொன்னதற்கு இது ஒரு காரணம். மேலும், இந்த விகிதத்தைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள் நீள்வட்ட வடிவமுள்ள இடது கீழறைக்காக அமைந்தவை. பிறை வடிவமான வலது கீழறைக்கு அவை பொருந்தா. அங்கே வால்வு வளையம் எவ்வளவு தூரம் நகர்கிறது, தசை எவ்வளவு சுருங்கி நீள்கிறது போன்ற வேறு அளவுகளைப் பார்க்கிறார்கள்.

எக்கோவின் பெரிய வலிமை, வெளியீடு ஏன் குறைந்தது என்பதைக் காட்டுவது. தசைத் தளர்ச்சியா, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கி அழுத்துகிறதா, சரிசெய்த இடத்தில் அடைப்போ ஓட்டையோ மீந்திருக்கிறதா, நுரையீரல் அழுத்தம் உயர்ந்துவிட்டதா: ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. இவற்றைப் பிரித்துக் காட்டுவதில் ஒட்டுப் பட்டைகள் எதுவும் எக்கோவுக்கு ஈடாகா. அதன் குறை, அது ஒரு கணத்தின் படம் மட்டுமே. நெஞ்சில் கட்டுத் துணியும் வடிகுழாய்களும் இருக்கையில் நல்ல படம் கிடைப்பதே அரிது. மணிக்கு மணி எடுக்கவும் இயலாது.

நெற்றியிலும் விலாவிலும் ஒட்டும் பட்டைகள்

1974இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி முன்வைத்த கோட்பாட்டிலிருந்து பிறந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், விரல் வழியே ஒளியைச் செலுத்தித் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை அளக்கிறது. நெற்றிப் பட்டை பார்ப்பதற்கு அதைப் போன்றதே. ஆனால் அது அளப்பது வேறு. 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் விளக்கிய முறை அது. ஏறத்தாழ 700 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள, அகச்சிவப்புக்கு அண்மையான ஒளி தோலையும் எலும்பையும் ஊடுருவிச் சில சென்டிமீட்டர் ஆழம் செல்லும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் இழந்த ஹீமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியிலிருந்து அந்தத் திசுவின் ஆக்சிஜன் நிலையைக் கணக்கிடலாம். இக்கருவியை மருத்துவமனைகளில் என்.ஐ.ஆர்.எஸ். என்றே அழைக்கிறார்கள்.

திசுவிலுள்ள இரத்தத்தில் பெரும்பங்கு, ஏறத்தாழ நான்கில் மூன்று, சிரை இரத்தம். ஆகவே இந்த எண், ஆக்சிஜன் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைவிட, திசு எடுத்துக்கொண்டது போக எவ்வளவு மீந்தது என்பதைக் காட்டுகிறது. ஓட்டம் குறைந்தால் திசு, வந்த இரத்தத்திலிருந்து கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும், மீதி குறையும், எண் இறங்கும். விரலில் உள்ள கருவி 99 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம்.

பட்டையை நெற்றியில் ஒன்று, சிறுநீரகத்துக்கு நேராக முதுகுப்புற விலாவில் ஒன்று என இரண்டு இடங்களில் ஒட்டுவதற்குக் காரணம், முன்பு சொன்ன குழாய்ச் சுருக்கம். உடல் முதலில் விட்டுக்கொடுப்பது சிறுநீரகத்தையும் குடலையும்தான். எடுத்துக்காட்டுக்காக ஒரு குழந்தையின் இரவை இப்படி வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மணி நேரத்தில் சராசரி இரத்த அழுத்தம் 50, துடிப்பு 148, நெற்றி 66, விலா 80. எட்டாம் மணி நேரத்தில் அழுத்தம் 49, துடிப்பு 170, நெற்றி 61, விலா 58. அழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை. விலாவின் எண்ணோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. செவிலியர் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார், சிறுநீர்ப் பையைப் பார்க்கிறார், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் பொருள்) சோதனைக்கு இரத்தம் அனுப்புகிறார், எக்கோவுக்கு ஆள் அழைக்கப்படுகிறது. பட்டை சொன்னது எப்போது பார்க்க வேண்டும் என்பதை. எக்கோ சொல்லப்போவது ஏன் என்பதை. இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்வதே இந்தத் துறையில் மிக முக்கியமானது என்பது என் கருத்து.

இதற்கும் எல்லைகள் உண்டு. மஞ்சள் காமாலை, வீக்கம், தோலின் நிறம், தலைமுடி ஆகியவை அளவைப் பாதிக்கலாம். குழந்தை வளர்ந்து உடல் பருத்திருந்தால் ஒளி சிறுநீரகத்தை எட்டாமல் தசையையே பார்க்கும். ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

மின்னோட்டத்தால் அளக்கும் முறையும் பிறவும்

மார்பின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் முறை 1960களில் விண்வெளிப் பயணிகளுக்காக உருவானது. மகாதமனி வால்வு திறந்ததும் தாறுமாறாகக் கிடந்த சிவப்பணுக்கள் ஓட்டத்தின் திசையில் ஒழுங்காகத் திரும்புகின்றன. அந்நொடியில் இரத்தம் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. இந்த மாற்றத்தின் வேகத்திலிருந்து ஒரு துடிப்பில் வெளியேறும் அளவைக் கணக்கிடுகிறார்கள். நான்கு ஒட்டுப் பட்டைகள் போதும் என்பதால் பச்சிளங்குழந்தைகளுக்கும் ஏற்றது. துடிப்புக்குத் துடிப்பு எண் கிடைக்கும். ஆனால் நுரையீரலில் நீர், திறந்த நெஞ்செலும்பு, உள்ளே கலக்கும் இரத்த ஓட்டம் ஆகியவை கணக்கைக் குலைக்கக்கூடும்.

மீயொலியால் இரத்தம் ஓடும் வேகத்தை அறியும் டாப்ளர் முனையைக் கழுத்துக் குழியில் வைத்து மகாதமனியின் ஓட்டத்தை அளப்பதும் உண்டு. முனையின் கோணம் 30 பாகை விலகினாலே அளவு 13 விழுக்காடு குறைவாகத் தெரியும் என்பதால் கைப்பழக்கம் மிக முக்கியம். வென்டிலேட்டரில் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு திடீரென்று இறங்குவதும், நுரையீரலுக்குப் போகும் ஓட்டம் குன்றியதைக் காட்டும் எளிய அடையாளம்.

ஒற்றைக் கீழறைக் குழந்தைகள்: நல்ல எண் கெட்ட செய்தியாகும் இடம்

சில குழந்தைகளுக்கு வேலை செய்யும் கீழறை ஒன்றே இருக்கும். முதல் கட்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அந்த ஒரே கீழறை அனுப்பும் இரத்தம் நுரையீரலுக்கும் உடலுக்குமாகப் பிரிகிறது. இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமாகப் போக வேண்டும். அப்போது ஆக்சிஜன் செறிவு 75 முதல் 85 வரை இருக்கும். 80 என்று பார்த்துப் பதறும் பெற்றோருக்கு, 90 என்று பார்த்தால் மருத்துவர் ஏன் கவலைப்படுகிறார் என்பது விளங்காது.

1. நுரையீரலுக்குப் போவதற்கும் உடலுக்குப் போவதற்கும் உள்ள விகிதத்தை ஆக்சிஜன் செறிவுகளிலிருந்தே கணக்கிடலாம்: தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாட்டை, நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்துக்கும் தமனிக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும்.

2. தமனியில் 80, உடலின் சிரையில் 60, நுரையீரலிலிருந்து வருவது 100 என்றால், 20ஐ 20ஆல் வகுக்க 1. இது சமநிலை.

3. தமனி 90க்கு உயர்ந்து, சிரை 60இலேயே நின்றால், 30ஐ 10ஆல் வகுக்க 3. உடலுக்குப் போவதைப் போல மூன்று மடங்கு நுரையீரலுக்குப் போகிறது.

குழந்தையின் நிறம் இளஞ்சிவப்பாகி, விரலின் எண் உயர, உள்ளே சிறுநீரகமும் குடலும் பட்டினி கிடக்கின்றன. இந்நிலையில் ஆக்சிஜனைக் கூட்டுவது, நுரையீரல் குழாய்களை மேலும் விரியச்செய்து நிலைமையை மோசமாக்கலாம். விரலின் எண் ஏற, விலாவின் எண் இறங்குவதே இங்கே எச்சரிக்கை. ஒரே ஒரு கருவியை மட்டும் நம்பியிருந்தால் இந்த எச்சரிக்கை தவறிப்போகும்.

எவ்வளவு நம்பலாம்?

இதய வெளியீட்டை அளக்கும் புதிய முறைகளை மதிப்பிட 1999 முதல் ஒரு வரம்பு புழக்கத்தில் உள்ளது: ஏற்கெனவே நிலைபெற்ற முறையோடு ஒப்பிடும்போது பிழை 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. துளைக்காத முறைகள் பலவும் குழந்தைகளிடம் செய்த ஒப்பீடுகளில் இதைத் தாண்டியிருக்கின்றன. எனவே இன்றைய எண்ணைத் தனியே எடுத்துக்கொண்டு முடிவெடுப்பது சரியல்ல. அதே குழந்தையிடம், அதே கருவியில், அதே இடத்தில் ஒட்டிய பட்டையில், மணிக்கு மணி எண் எந்தத் திசையில் போகிறது என்பதே பயன்படும். அடுத்த கட்டிலில் இருக்கும் குழந்தையின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

எண்ணைப் பார்ப்பதாலேயே உயிர் காக்கப்படும் என்றும் சொல்லிவிட முடியாது. மிகக் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2023இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில், மூளைப் பட்டையின் எண்ணைக் கொண்டு சிகிச்சையை மாற்றியமைத்தது இறப்பையோ கடுமையான மூளைப் பாதிப்பையோ குறைக்கவில்லை. அவர்கள் இதய அறுவை சிகிச்சைக் குழந்தைகள் அல்லர். எனினும், எண் இறங்கியபோது எடுக்கும் நடவடிக்கை சரியானதாக இருந்தால்தான் அளவீட்டுக்குப் பயன் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. ஆகவே, பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எண் எவ்வளவு என்பதைவிட, முன்பு எவ்வளவு இருந்தது, இறங்கினால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதாக இருக்கலாம். தயங்காமல் கேட்கலாம், பதில் சொல்வது அவர்கள் பணியின் பகுதி.

வீடு திரும்பிய பிறகு

ஒற்றைக் கீழறைக் குழந்தைகள் முதல் அறுவை சிகிச்சைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட சில மாதங்களை வீட்டில் கழிக்கிறார்கள். மருத்துவமனையில் தப்பிய குழந்தைகள் இந்த இடைவெளியில் திடீரென்று இறந்துபோவது நீண்ட காலம் நீடித்த துயரம். அமெரிக்காவின் மில்வாக்கி நகர மருத்துவர்கள், பெற்றோரின் கையில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரையும் குழந்தைகளை நிறுக்கும் எடைக் கருவியையும் கொடுத்து, நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார்கள். எடை 30 கிராம் குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராமாவது கூடாவிட்டாலோ, ஆக்சிஜன் செறிவு சொல்லப்பட்ட வரம்புக்குக் கீழே இறங்கினாலோ உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். 2003இல் வெளியான அவர்களின் அறிக்கை, முந்தைய காலத்தோடு ஒப்பிடுகையில் இந்த இடைக்கால இறப்புகள் குறைந்ததைக் காட்டியது. தளரும் இதயமுள்ள குழந்தை பால் குடிக்கும்போதே களைத்துப்போகும், எடை நின்றுபோகும். பால் குறைந்தால் உடலில் நீரும் குறைந்து இரத்தவோட்டம் மேலும் சுருங்கும். அதனால்தான் எக்கோவுக்கு அழைப்பு வரும் நாளுக்காகக் காத்திராமல், 20 கிராம் கூடவில்லை என்ற ஒரு வரிக்காகவே தாய் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும்.